ஒரு நொடி பாக்கி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2013 நவம்பர் 30, அலபாமா மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களான ஆபர்னும் அலபாமாவும் மோதின. 28-28 என்று சமநிலை, கடிகாரத்தில் ஒரே நொடி. அலபாமா 57 கெஜத்திலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) கம்பம் வரை எட்டாமல் இறங்க, அங்கே காத்திருந்த ஆபர்ன் ஆட்டக்காரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடி ஆறு புள்ளி எடுத்து 34-28 என்று முடித்துவைத்தார். ‘கிக் சிக்ஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய வீடு தெருவுக்கு ஒன்று இருக்கிற ஊர் இது, கடிதங்களுக்குக் கேட்கவா வேண்டும்.

அந்த நவம்பரில் நானும் மனைவியும் பர்மிங்ஹாமில் மகள் வீட்டில் இருந்தோம். போய் இறங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை ஆபர்னில் படித்தவர். அந்த ஓட்டத்தை ஹாலில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். வர்ணனையாளர் “ஆபர்ன் ஜெயிக்கப்போகிறது, ஆபர்ன் ஜெயிக்கப்போகிறது” என்று தொண்டை கிழியக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிரவு ஆபர்ன்காரர்களின் வெற்றி ஊர்வலத்தையும் டிவியில் பார்த்தேன். மகளோ, “அப்பா, நீங்க சோபாவுல தூங்கிட்டு இருந்தீங்க” என்கிறாள். யார் சொல்வது சரி?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஃபேர்லேண்ட்ஸ்

சார், அப்பா மகள் பஞ்சாயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாதுதான். ஆனால் இது விசாரித்துப் பார்க்க வழியுள்ள வழக்கு, அதனால் விடமாட்டேன்.

முதலில் நேரம். ஆட்டம் முடிந்தபோது அங்கே மாலை சுமார் ஆறு, நம்மூரில் ஞாயிறு விடியற்காலை ஐந்தரை. சேலத்திலிருந்து போய் நாலு நாள் ஆகாத உடம்பு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மகள் பக்கம் ஒரு பாயிண்ட்.

அடுத்து அந்தக் குரல். ஆட்டத்தை டிவியில் காட்டியது சிபிஎஸ், அதில் பேசியவர் வெர்ன் லண்ட்குவிஸ்ட் என்ற பழுத்த வர்ணனையாளர். டேவிஸ் ஓடி முடித்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்குவதையும் அந்த இரைச்சலையும் மட்டும் வெகுநேரம் ஓடவிட்டார். (நம்மூர் கிரிக்கெட் வர்ணனையாளர்கள் இதை ஒரு தடவையாவது முயற்சி செய்து பார்க்கலாம்.) “ஆபர்ன் ஜெயிக்கப்போகிறது” என்று கத்தியவர் ராட் பிராம்லெட். அவர் ஆபர்ன் அணியின் ரேடியோ வர்ணனையாளர், டிவியில் பேசியவரே இல்லை! பிறகு இணையத்தில் ஊரெல்லாம் சுற்றிய வீடியோவில் டிவி படத்தோடு இந்த ரேடியோ குரலைச் சேர்த்துத்தான் போட்டார்கள். ஆக, நீங்கள் அதை யூடியூபில் பின்னால் பார்த்து, அந்தக் குரலைக் கொண்டுபோய் பர்மிங்ஹாம் ஹாலில் வைத்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் உங்களுக்கும் ஒரு வழி விட்டுவைக்கிறேன். அங்கே தீவிர ரசிகர்கள் பலருக்கு டிவி சத்தத்தை அணைத்துவிட்டு, சொந்த ஊர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு பார்க்கிற பழக்கம் உண்டு. மாப்பிள்ளை அந்த ரகமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கேஸ் உங்கள் பக்கம் திரும்பிவிடும். பிராம்லெட்டும் அவர் மனைவியும் 2019-ல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்கள், அதனால் ஆபர்ன்காரர்கள் இப்போது அந்த ஒலிப்பதிவைக் கேட்கும்போது ஆட்டத்தை மட்டும் நினைப்பதில்லை, அதையும் மாப்பிள்ளையிடம் பேசிப்பாருங்கள்.

இன்னொரு தடயம். ஜெயித்தால் ஆபர்ன்காரர்கள் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் கூடி டாய்லெட் பேப்பர் சுருளை மரத்தில் வீசுவார்கள், மரமே வெள்ளையாகிவிடும். 2010-ல் ஓர் அலபாமா ரசிகர் அந்த ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார் (ஆமாம், நிஜமாகவே, சிறைக்கும் போனார்). 2013 ஏப்ரலில் மரங்களை வெட்டியெடுத்தார்கள். அதனால் அந்த வருடம் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல்தான் பேப்பர் வீசினார்கள். அன்றிரவு டிவியில் ஊர்வலம் பார்த்தேன் என்று சொல்கிறீர்களே, நீங்கள் பார்த்தது மரமா கம்பியா? மரம் என்றால் மன்னிக்கவும் சார், அது வேறு வருடம்.

நேரம் முடிந்துவிட்டது என்று போர்டில் பூஜ்யம் காட்டிய பிறகு ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தது யார்? ஆபர்னுக்குச் சாதகமாக யாரோ செய்த வேலை மாதிரி தெரிகிறதே?
- கல்லூரி மாணவர், ஓமலூர்

தலைகீழ், தம்பி. அந்த நொடியைக் கேட்டு வாங்கியதே அலபாமாதான். அவர்களுடைய ஆட்டக்காரர் டி.ஜே. யெல்டன் பந்தோடு ஓடி எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தார், கடிகாரம் பூஜ்யம் காட்டியது. பயிற்சியாளர் நிக் சேபன் விடவில்லை, யெல்டன் வெளியே போனபோது ஒரு நொடி இருந்தது என்று வாதாடினார். நடுவர்கள் ரீப்ளே பார்த்து, சரி, இருந்தது என்றார்கள். சேபன் பேசாமல் இருந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அப்புறம் அங்கே ஒரு விதி உண்டு: நொடி பாக்கி இருக்கும்போது பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டால், கடிகாரம் முடிந்தாலும் அந்த ஓட்டம் முடிகிற வரை ஆட்டம் உயிரோடு இருக்கும். டேவிஸ் ஓடியது முழுக்க கடிகாரம் செத்த பிறகுதான்.

நான் நாகலூர் பக்கம் ஒரு காட்டேஜில் வேலை பார்க்கிறேன். போன சீசனில் வந்து தங்கிய குடும்பம் இந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது போலக் குதித்தார்கள். எனக்கு ஒரே சந்தேகம்தான், துரத்தின ஆட்கள் ஏன் அவ்வளவு மெதுவாக ஓடினார்கள்?
- வாசகர், ஏற்காடு

நல்ல கண் உங்களுக்கு. கோல் உதைக்கும்போது எதிரணி பாய்ந்து தடுக்காமல் இருக்க, உதைப்பவருக்கு முன்னால் பெரிய உடம்புக்காரர்களாகப் பார்த்து வரிசையாக நிறுத்துவார்கள். அவர்கள் வேலை இடத்தை விட்டு நகராமல் நிற்பது. நூறு மீட்டர் தூரம் ஒருவரைத் துரத்தச் சொன்னால்? சங்ககிரி லாரிகளை விட்டு மொபெட்டைப் பிடிக்கச் சொன்ன கதைதான். டேவிஸ் இடது ஓரமாக ஒதுங்கியதும், முன்னால் ஓடிய அவருடைய ஆட்கள் தடுப்புக் கட்டியதும், மிச்சம் யாரும் இல்லை. ஆபர்ன் பயிற்சியாளர் கஸ் மால்சான் முதலில் அங்கே வேறு ஆளைத்தான் நிறுத்தியிருந்தார், உதைக்கும் முன் டேவிஸை மாற்றி அனுப்பினார். பந்து குட்டையாக விழும் என்று யோசித்தே செய்த காரியம் அது, சும்மா அதிர்ஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செப்டம்பர் ஆனால் போதும், என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போனில் இந்த ஆட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார். பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். இது எப்போது முடியும்?
- இல்லத்தரசி, அம்மாப்பேட்டை

ஜனவரியில் முடியும், அக்கா. சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், ஆட்டம் பெரும்பாலும் அவர்களுடைய சனிக்கிழமை, நமக்கு அது ஞாயிறு விடியலில் வந்து விழும். ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிவருவது அவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேண்டு வாத்தியக்காரர்கள் குறுக்கே வந்து ஒரு அணியைத் தோற்கடித்த கதை உண்டாமே? எங்கள் கச்சேரிக் குழுவில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
- வாத்தியக் கலைஞர், ஆத்தூர்

நம்பச் சொல்லுங்கள். 1982 நவம்பர் 20, கலிஃபோர்னியாவின் பெர்க்லி. ஸ்டான்ஃபோர்ட் 20-19 என்று முன்னால், நாலு நொடி பாக்கி. ஸ்டான்ஃபோர்ட் உதைத்த பந்தைப் பிடித்த பெர்க்லி ஆட்டக்காரர்கள், பிடிபடப்போகும் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருப்பவருக்குத் தள்ளிவிட்டார்கள், மொத்தம் ஐந்து முறை. நடுவில் ஒருவர் பிடிபட்டுவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் பேண்டு குழு வாத்தியங்களோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. கெவின் மோயன் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடி, எல்லைக்கு அப்பால் ஒரு டிராம்போன்காரர் மேல் விழுந்து 25-20 என்று முடித்தார். வாத்தியக்காரர்கள் தோற்கடித்தார்கள் என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் வழியில் நின்றார்கள். அந்த டிராம்போன்காரரின் பெயர் கேரி டிரெல், ஆட்டக்காரர்கள் பலரைவிட இவரைத்தான் ரசிகர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்ததுதான். சில நாள் கழித்து ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் பெர்க்லி மாணவர் பத்திரிகையைப் போலவே போலி இதழ் அச்சடித்து, அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டதாகச் செய்தி போட்டு, பெர்க்லி வளாகத்திலேயே விநியோகித்தார்கள். இரு அணிகளும் ஆடுவது ஒரு கோடாரிக்காக, அதன் பலகையில் ஒவ்வொரு வருட ஸ்கோரும் இருக்கும். கோடாரி ஸ்டான்ஃபோர்டிடம் போகும்போதெல்லாம் 1982-ன் ஸ்கோரை 20-19 என்று மாற்றிவிடுவார்கள், பெர்க்லிக்குத் திரும்பியதும் மறுபடி 25-20 ஆகும். ஃபேர்லேண்ட்ஸ் சார் இதைக் கவனிக்கவும், மகளோடு இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம்.

என் மகன் படித்தது டஸ்கலூசாவில், அதாவது தோற்ற அலபாமாவில். அந்த ஞாயிறு அவன் போன் செய்து ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டான். ஜெயித்தவர்கள் கதையைத்தான் எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கள் ஞாபகத்துக்கு மதிப்பில்லையா?
- தந்தை, மேட்டூர்

இருக்கிறது, சொல்லப்போனால் அதுதான் துல்லியமான ஞாபகம். ஜெயித்தவர் கடைசி ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார், தோற்றவர் எங்கெங்கே நழுவியது என்று முழு ஆட்டத்தையும் வைத்திருப்பார். 1986-ல் ஷார்ஜாவில் சேத்தன் சர்மாவின் கடைசிப் பந்தை மியாண்டாட் சிக்ஸர் அடித்ததை அன்று பார்த்த எந்தப் பெரியவரிடமும் கேளுங்கள், அந்தப் பந்து எந்த உயரத்தில் வந்தது என்பது வரை சொல்வார்.

உங்கள் மகனிடம் கேட்டால் கேட் ஃபாஸ்டர் பெயரைத்தான் முதலில் சொல்வான். அலபாமாவின் முதன்மைக் கிக்கர் (பந்தை உதைப்பவர்), அன்று கோல் வாய்ப்புகளைக் கோட்டைவிட்டவர், அதனால்தான் கடைசி உதைக்கு ஆடம் கிரிஃபித் என்ற முதலாண்டு ஆட்டக்காரரை இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஃபாஸ்டருக்குச் சமூக வலைத்தளங்களில் கொலை மிரட்டல் வந்தது. ஒரு கல்லூரி மாணவனுக்கு! முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினார்.

மகனுக்கு ஆறுதல் வேண்டுமென்றால் 2023 நவம்பர் 25-ஐப் போட்டுக்காட்டுங்கள். அதே ஆபர்ன் மைதானம், அலபாமா பின்தங்கியிருக்கிறது, கடைசியான நாலாவது முயற்சி, எல்லைக்கு இன்னும் 31 கெஜம். ஜேலன் மில்ரோ எறிந்தார், ஐசையா பாண்ட் மூலையில் பிடித்தார், 27-24. அப்போது கடிகாரத்தில் 32 நொடி. 2013-ல் ஆபர்ன் 28-28 என்று சமன் செய்தபோதும் சரியாக 32 நொடிதான் பாக்கி. இதை ஃபேர்லேண்ட்ஸ் சாரின் மாப்பிள்ளையிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாத என் மாமனாருக்கு இதில் ஒரே ஒரு ஆட்டத்தைக் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவது?
- மருமகன், சூரமங்கலம்

டக் ஃப்ளூட்டி. 1984 நவம்பர் 23, மயாமி. பாஸ்டன் கல்லூரி 45-41 என்று பின்னால், ஆறு நொடி. 5 அடி 10 அங்குல உயரம்தான் ஃப்ளூட்டி, அந்த ஆட்டத்தில் பந்து எறிகிறவருக்கு அது குள்ளம். பின்னால் பின்னால் ஓடிவந்து, இருந்த பலத்தை எல்லாம் திரட்டி எறிந்தார். பந்து அறுபது கெஜத்துக்கு மேல் பறந்தது. அவரால் அவ்வளவு தூரம் எறிய முடியாது என்று நினைத்த மயாமி தடுப்பாட்டக்காரர்கள் முன்னாலேயே நின்றுவிட, அவர்களுக்குப் பின்னால் எல்லைக்குள் ஜெரார்ட் ஃபீலன் மடியில் பந்து வந்து விழுந்தது. 47-45. விதி எதையும் விளக்க வேண்டியதில்லை, ஒரு எறி, ஒரு கேட்ச், அவ்வளவுதான். மாமனார் “லாங்-ஆனில் ஆள் எங்கே?” என்று கேட்பார், கேட்கட்டும்.