வாசகர் கேள்வி–பதில்: தலைநகருக்குப் படிக்க வந்தவர்களுக்கு

புதிய பருவம் தொடங்கியதிலிருந்து, கோலாலம்பூருக்குப் படிக்க வந்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் எழுதிய கடிதங்களே மிகுதியாக வந்துள்ளன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி (மாணவி, சுங்கை சிப்புட்): வரைபடத்தில் கே.எல். சென்ட்ரல் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மோனோரெயிலைத் தேடி அலைந்து களைத்துவிட்டேன். இந்த நகரத்து இரயில்களைப் புரிந்துகொள்ள எளிய வழி உண்டா?

பதில்: அந்த நிலையத்தில் முதல் நாளே வழி கண்டுபிடித்தவர்கள் குறைவு. கிளானா ஜெயா எல்.ஆர்.டி. (இலகு இரயில்) தடம், கொமுட்டர் என்னும் புறநகர் இரயில், நீங்கள் ஊரிலிருந்து ஏறி வரும் இ.டி.எஸ். மின்சார இரயில், விமான நிலைய இரயில் ஆகியவை 2001இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் இருக்கின்றன; மோனோரெயில் மட்டும் அதற்கு வெளியே, துன் சம்பந்தன் சாலையை ஒட்டி இருக்கிறது. நு சென்ட்ரல் பேரங்காடிக்குள் நுழைந்து மறுமுனை வரை நடந்தால் அங்கே போய்ச் சேரலாம். எம்.ஆர்.டி. என்னும் பெருந்திரள் விரைவு இரயிலுக்கு மாற வேண்டுமானால் வேறொரு நடைவழியில் மூசியம் நெகாரா நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அதன் பெயர் வேறாக இருப்பதால், நடந்து போகும் தொலைவில் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மாறாக, மஸ்ஜித் ஜாமெக்கில் எல்.ஆர்.டி. தடங்களுக்கிடையிலும், பாசார் செனியில் எல்.ஆர்.டி.க்கும் எம்.ஆர்.டி.க்கும் இடையிலும் கட்டண வாயிலைக் கடக்காமலேயே மாறிக்கொள்ளலாம். இயன்றவரை இப்படிப்பட்ட நிலையங்களில் தடம் மாறும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால் பாதிக் களைப்பு குறையும்.

நீல நிற டோக்கனை வாங்கிக்கொண்டு, உள்ளே போகும்போது தொட்டும் வெளியேறும்போது துளையில் போட்டும் செல்வது ஓரிரு நாளைக்குச் சரி. பிறகு, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் ரேபிட் கே.எல். பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. நாள்தோறும் பயணம் செய்வோர் அடையாள அட்டையுடன் நிலைய முகப்பிடத்துக்குச் சென்று மை50 திட்டத்தில் சேர்வது நல்லது. மலேசியக் குடிமக்கள் 50 வெள்ளி (ரிங்கிட்) செலுத்தினால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், ரேபிட் பேருந்துகள் அனைத்திலும் 30 நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் செல்லலாம். கொமுட்டர் அதில் சேராது. இன்னொன்று: பேருந்து வரும்போது நிறுத்தத்தில் சும்மா நிற்காமல் கையை நீட்டிக் காட்டுங்கள், இல்லையேல் ஓட்டுநர் உங்களைக் கடந்து போய்விடக்கூடும்.

ஆனால் இரயிலில் மட்டுமே போய் வருபவருக்கு இந்நகரம் தனித்தனித் தீவுகளாகவே மனத்தில் பதியும் என்பது என் உறுதியான எண்ணம். வகுப்பில்லாத ஒரு காலை, மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கிப் பாசார் செனி வரை நடந்து பாருங்கள். இரயிலில் அது ஒரே ஒரு நிறுத்தம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த லெபோ அம்பாங்கைக் கடந்து, மேடான் பாசார் மணிக்கூண்டு வழியாக துன் எச்.எஸ். லீ சாலைக்கு வந்தால், 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலின் கோபுரம் தெரியும். பழைய கடைவீடுகளின் முன்னே மேல்மாடி நிழலில் ஓடும் ஐந்தடி நடைபாதை வெயிலிலிருந்து உங்களைக் காக்கும். பூக்கடைகளில் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருக்கும் அக்காமாரிடம் தமிழிலேயே வழி கேளுங்கள். கைப்பேசி காட்டாத குறுக்குச் சந்துகளையும் அவர்கள் சொல்வார்கள்.

கேள்வி (தாய், தெலுக் இந்தான்): என் மகன் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிடுகிறான். செலவு எவ்வளவு ஆகுமோ, பசியாறாமல் வகுப்புக்குப் போகிறானோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: கவலை நியாயமானதே, அம்மா. தலைநகரில் புதிதாக வந்தவருக்குச் செலவு கட்டுமீறும் இடம் பெரும்பாலும் சோற்றுக்கடைதான். நாமே கறிகளை எடுத்துப் போட்டுக்கொள்ளும் நாசி சம்பூர் கடைகளில், பணம் வாங்குபவர் தட்டை ஒரு கணம் பார்த்தே விலை சொல்கிறார். எழுதப்பட்ட விலைப்பட்டியல் இல்லாத கடைகளும் உண்டு. கோழி, ஒரு கீரை, குழம்பு என்றால் ஒரு தொகை. அதே தட்டில் இறாலோ கணவாயோ பெரிய மீன் துண்டோ ஏறிவிட்டால் தொகை எங்கேயோ போய்விடும். ஆகவே உட்கார்ந்து உண்ணத் தொடங்கும் முன்பே தட்டைக் காட்டி விலையைக் கேட்டுவிடச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். 2023இல் அரசாங்கம் தொடங்கிய ரஹ்மா உணவுத் திட்டத்தில் சேர்ந்த கடைகள் 5 வெள்ளிக்கு மேற்படாத முழு உணவைத் தருகின்றன. வளாகத்துக்கு அருகில் அத்தகைய கடை இருக்கிறதா என்று மகன் விசாரிக்கட்டும்.

பானத்தையும் சொல்ல வேண்டும். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) நாளுக்கு இரண்டு மூன்று தே தாரேக் என்னும் பால் தேநீர் குடிப்பது பணத்தை மட்டுமன்று, உடலையும் கரைக்கும். அதில் சேரும் கெட்டிப்பாலில் சர்க்கரை மிகுதி. ‘கூராங் மானிஸ்’ என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள், வெந்நீர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். காலையில் இரண்டு தோசையோ ஒரு ரொட்டி சானாயோ சாப்பிட்டுவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டால், நண்பகலில் பசி மிகுந்து தட்டை நிரப்பும் நிலை வராது.

கேள்வி (மாணவர், கூலிம்): வாடகை அறை தேடுகிறேன். முன்பணம் கேட்கிறார்கள். சில விளம்பரங்களில் இந்தியருக்கு இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த வரியைப் படிக்கும்போது எழும் வேதனை எனக்கும் புரிகிறது. அது உங்கள் குறையன்று, எழுதியவரின் குறை. அவரோடு வாதாடி நேரத்தை இழக்காமல், மூத்த மாணவர்களிடமும் பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் அமைப்பிடமும் கேளுங்கள்; விளம்பரத்துக்கே வராத நல்ல அறைகள் இப்படித்தான் கைமாறுகின்றன. இரண்டு மாத வாடகையும், மின்சாரம், தண்ணீருக்கென அரை மாத வாடகையும் முன்பணமாகக் கேட்பது இங்கு வழக்கமே. நேரில் பார்க்காத அறைக்கு ஒரு வெள்ளி கூட அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டையும் எழுத்து ஒப்பந்தத்தையும் வாங்கிக்கொண்டு, குடிபுகும் நாளிலேயே சுவர், மெத்தை, குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால், வெளியேறும்போது முன்பணத்தைப் பற்றி வழக்கு எழாது.

கேள்வி (மாணவி, கோலகங்சார்): மாலை மழையில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறேன்.

பதில்: ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நண்பகல் வெப்பம் மாலையில் இடிமழையாக இறங்குவது இந்நகரத்தின் இயல்பு. மழை கொட்டும் நேரத்தில் கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் காரின் கட்டணமும் ஏறிவிடும் என்பதால், நிலையத்திலேயே அரைமணி நேரம் பொறுத்திருப்பது மேல்.

கேள்வி (மாணவர், சித்தியவான்): வார இறுதியில் அறைத்தோழர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். கையில் பணமில்லாமல் எங்கே செல்வது?

பதில்: டத்தாரான் மெர்டேக்கா என்னும் சுதந்திரச் சதுக்கத்தை ஒட்டியுள்ள கோலாலம்பூர் நூலகம் குளிர்சாதன வசதியோடு அமைதியாகப் படிக்க ஏற்ற இடம். துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகத்தையும் பாருங்கள். இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளை அங்கு ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதால், நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். ஞாயிறு காலையில் கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ஏறினால் பத்துமலை அடிவாரத்திலேயே இறங்கலாம். 272 படிகளையும் ஏறி முருகனைத் தரிசிக்கக் கட்டணம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுங்கள். படிகளில் உலவும் குரங்குகள் பறித்துக்கொள்ளும் என்பதால், பழமோ பொட்டலமோ இருந்தால் பைக்குள் வைத்து மூடிக்கொள்ளுங்கள்.