தொட்டி நிறைந்துவிட்டது, ஜனவரியில் சாணிக்கரைசலைப் புல்வெளியில் விடலாமா?

கேள்வி: ஜெர்மனியின் பவேரியாவில் இன் ஆற்றுப் பக்கம் மனைவி வீட்டாரின் மாட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன். 60 கறவை மாடுகள். கரைசல் தொட்டி இப்போதே விளிம்புக்கு வந்துவிட்டது. புல்வெளியில் விடக்கூடாது, ஆற்றோடு போய்க் கருங்கடலைக் கெடுக்கும் என்கிறார் மாமனார். எங்கோ இருக்கும் கருங்கடலுக்காக நாங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?

பதில்: தம்பி, மாமனார் சொல்வதுதான் சரி. ஜெர்மனியின் உர விதிப்படி புல்வெளிக்கு நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை தடை. உங்கள் வட்டார வேளாண் அலுவலகம் இந்தத் தேதியைச் சில வாரம் நகர்த்தியிருக்கலாம், விசாரியுங்கள். தடை முடிந்த மறுநாளே டேங்கரைக் கிளப்பவும் முடியாது. நிலம் உறைந்தோ, பனி மூடியோ, சொதசொதவென்றோ இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

குளிரில் புல் சத்தை எடுக்காது, உறைந்த மண் உறிஞ்சாது. ஒரு நாள் வெயிலடித்துப் பனி உருகினால் கரைசல் அப்படியே வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து இன் ஆறு, பசாவ் நகரில் டான்யூப், பிறகு சுமார் 2,200 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடல். 1970, 80களில் இப்படி வந்து சேர்ந்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அங்கே பாசியைக் கொழிக்க வைத்தன. பாசி செத்து அழுகி அடித்தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாமல் போக, வடமேற்குக் கரையோரம் சிப்பியும் மீனும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1989க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் உரப் பயன்பாடு சரிந்து, பிரமாண்டமான பன்றிப் பண்ணைகள் பல மூடப்பட்டதும்தான் கடல் மெல்லத் தேறியது. வயலில் கொட்டுவது குறைந்தால் கடல் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெல்கிரேட் நகரக் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்காமலே டான்யூபில் விழுந்துகொண்டிருப்பது எனக்கும் ஆத்திரம்தான், ஆனால் அதைக் காட்டி நாம் வால்வைத் திறப்பது நியாயமில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் கூரைத் தண்ணீரும் முற்றத்து மழைநீரும் தொட்டிக்குள் இறங்குகிறதா பாருங்கள், பல பண்ணைகளில் பாதிச் சிக்கல் அதுதான். அப்புறம் பக்கத்துப் பண்ணையிலோ சாண எரிவாயு நிலையத்திலோ காலித் தொட்டி இருந்தால் வாடகைக்குப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது 6 மாதக் கரைசலைத் தாங்கும் கொள்ளளவு சட்டப்படியே வேண்டும், அதனால் கோடையில் இன்னொரு தொட்டிக்குத் திட்டமிடுங்கள்.

நிலக்கணக்கும் போடுங்கள். ஒரு கறவை மாடு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் தழைச்சத்தைக் கழிக்கிறது. ஹெக்டேருக்கு 170 கிலோதான் உச்சவரம்பு. 60 மாட்டுக்கு நிலம் போதாவிட்டால் கரைசலை வெளியே கொடுக்கவேண்டி வரும்.

தரை இளகியதும் மேகமூட்டமான, காற்றில்லாத சாயங்காலத்தில், புல்லுக்கு அடியில் தரையோடு விடும் குழாய்க் கருவியால் விடுங்கள். வெயிலில் வாரியடித்தால் அமோனியா காற்றோடு போய்விடும். விட்ட அளவுக்கு யூரியாவைக் குறையுங்கள், பணமும் மிச்சம். அதற்கு முன் கரைசலை நன்றாகக் கலக்கி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் மணிச்சத்து அடிமண்டியில் தங்கிவிடும். கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். கொட்டில் தொட்டிக்கு மேலேயே இருந்தால் மாடுகளை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து வைத்து, ஆட்கள் யாரும் உள்ளே இல்லை என்று பார்த்த பிறகே கலக்கியை ஓட்டுங்கள்.