கட்டளை வரிச் செய்நிரலின் வெளியீட்டுக்கு நிறம் சேர்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் இருப்புப் பட்டியலைப் பைதன் கணினிமொழியில் அச்சிடும்போது, தீர்ந்துபோகும் பொருட்களைச் சிவப்பில் காட்ட முயன்றதும் நிரல்கள் (பட்டியலின் செங்குத்து வரிசைகள்) கோணிவிடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

முனையம், அதாவது கட்டளைகளை இட்டு வெளியீட்டைக் காணும் சாளரம், நிறத்தைத் தனியாகப் பெறுவதில்லை; எழுத்துகளோடு எழுத்துகளாகவே பெறுகிறது. எண் 27 உடைய எஸ்கேப் குறியுரு, திறக்கும் சதுர அடைப்புக்குறி, 31, ஆங்கிலச் சிற்றெழுத்து எம் ஆகியவற்றை வரிசையாக அனுப்பினால் அதன்பின் வருவன சிவப்பாகும். 31க்குப் பதிலாக 32 பச்சை, 1 தடித்த எழுத்து, 4 அடிக்கோடு; 0 அனைத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அந்த 0ஐ மறந்தால், செய்நிரல் முடிந்த பின்னரும் திரை சிவப்பாகவே இருக்கக்கூடும்.

நிரல்கள் கோணுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத அந்த 9 குறியுருக்களையும் (தொடக்கத்தில் 5, முடிவில் 4) பைதன் நீளத்தில் சேர்த்து எண்ணுவதே. ஆகவே முதலில் இடைவெளியிட்டு அகலத்தை நிரப்பி, அதன் பின்னரே நிறக் குறிகளைச் சுற்றிப் போடுங்கள். தமிழில் இன்னொரு தலையிடியும் உண்டு: ‘கொடிகாமம்’ நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையின் கணக்கில் 9. முனையத்துக்கு முனையம் தமிழ் எழுத்தின் அகலம் வேறுபடுவதால், பொருளின் பெயரைக் கடைசி நிரலில் வைப்பதே என் வழக்கம்.

வெளியீடு கோப்புக்குத் திருப்பப்படும்போது இக்குறிகள் குப்பையாகப் பதியும் என்பதால், ‘இஸ்-ஏ-டிடிவை’ (isatty) செயற்கூற்றால் எதிரே இருப்பது முனையம்தானா என்று பார்த்துவிட்டு நிறமிடுங்கள்.