மஞ்சள் கம்பியும் பூட்டிய பெட்டியும்: செட்டாப் பாக்ஸிலிருந்து பதிவு செய்வது பற்றிக் கேள்வி பதில்

முத்தியால்பேட்டையில் டிவி, வீடியோ கேசட் டெக் பழுது பார்க்கும் வேலையில் 25 ஆண்டுக்கு மேல் இருக்கிறேன். டெக் போய், டிவிடி வந்து, அதுவும் போய்விட்டது. ஆனால் டிவியில் வருவதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் யாருக்கும் போகவில்லை. பேத்தி உள்ளூர் சேனலில் ஆடியிருப்பாள், ஊர்த் தேர் நேரலையில் வந்திருக்கும். அதற்காகத்தான் இந்தப் பதில்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பியைச் செருகினாலும் பிடுங்கினாலும் எல்லாப் பெட்டிகளின் சுவிட்சையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கேபிள்காரரின் வயரில் லேசான கரண்ட் வருவது நம் பக்கம் புதிதல்ல. அதனால் எச்டிஎம்ஐ ஓட்டை கருகிய டிவிகள் நிறையப் பார்த்துவிட்டேன்.

லாஸ்பேட்டை வாசகி: பழைய டிவிடி ரெக்கார்டர் நல்ல நிலையில் இருக்கிறது. செட்டாப் பாக்ஸோடு எப்படி இணைப்பது?

அம்மா, பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள் இருக்கும், இதைத்தான் ஏவி என்பார்கள். மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது பக்க ஒலி, சிவப்பு வலது பக்க ஒலி. ரெக்கார்டரில் இதே மூன்று நிறமும் இரண்டு வரிசையாக இருக்கும், ஒரு வரிசை 'இன்', இன்னொன்று 'அவுட்'. பாக்ஸிலிருந்து வரும் கம்பி 'இன்'னில் போக வேண்டும். ரெக்கார்டரின் 'அவுட்' டிவிக்குப் போக வேண்டும். இதை மாற்றிச் செருகிவிட்டு ரெக்கார்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கம்பி சரியாக இருந்தும் படம் வராவிட்டால், ரெக்கார்டரின் ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி எல்1, ஏவி1 என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரெக்கார்டரில் சேனல் நம்பர் போட்டு ஒன்றும் வராது. சேனல் மாற்றுவது இனி பாக்ஸின் வேலை.

பாக்ஸ் எச்டிஎம்ஐ வழியாக டிவியோடு ஏற்கெனவே இணைந்திருந்தால் அதை எடுக்க வேண்டாம். பெரும்பாலான பாக்ஸ்கள் எச்டிஎம்ஐ, ஏவி இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் தரும். டிவியில் எச்டிஎம்ஐ-இல் பாருங்கள், ஏவியை ரெக்கார்டருக்குக் கொடுங்கள்.

புதிய சின்னப் பாக்ஸ்களில் மூன்று ஓட்டைக்குப் பதில் ஹெட்போன் ஓட்டை போல ஒன்றுதான் இருக்கும். அதற்கான கம்பி எல்லாம் பார்க்க ஒன்று போலத் தெரியும், உள்ளே அப்படி இல்லை. படம் உருண்டு, ஸ்பீக்கர் 'கொர்' என்று இரைந்தால் மஞ்சள் முனையை சிவப்பு, வெள்ளை இடங்களில் மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் கம்பி முனையில் எர்த் வேறு வளையத்தில் இருக்கிறது. அந்த பாக்ஸுக்கென்றே உள்ள கம்பியைத்தான் வாங்க வேண்டும்.

டிஸ்க்கில் எஸ்பி முறையில் 2 மணி நேரம் பிடிக்கும், தரம் நன்றாக இருக்கும். 6 மணி நேர முறையில் முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும். பதிவு முடிந்ததும் மெனுவில் 'ஃபைனலைஸ்' (டிஸ்க்கை மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி முடித்து வைப்பது) செய்ய மறக்காதீர்கள். செய்யாத டிஸ்க் உங்கள் ரெக்கார்டரில் ஓடும், மகள் வீட்டு பிளேயரில் ஓடாது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: இரவு 9 மணிக்கு டைமர் வைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு மணி நேரமும் வேறு சேனல்.

ஐயா, உங்கள் டைமர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பாக்ஸ் எந்த சேனலில் நின்றதோ அதைத்தான் ரெக்கார்டர் பிடிக்கும். படுக்கப் போகும் முன் பாக்ஸை அந்த சேனலில் வைத்துவிடுங்கள், அல்லது பாக்ஸின் மெனுவில் ரிமைண்டர் வையுங்கள், அது தானே சேனலை மாற்றிக்கொள்ளும். 'ஆட்டோ ஸ்டாண்ட்பை' இருந்தால் அணைத்துவிடுங்கள். யாரும் ரிமோட்டைத் தொடாமல் சில மணி நேரம் போனால் பாக்ஸ் தூங்கிவிடும், நீங்கள் கறுப்புத் திரையைப் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்: ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றை ரெக்கார்ட் செய்ய முடியுமா? டெக்கில் செய்தோமே.

டெக்குக்குள் சேனலைப் பிடிக்கும் தனி டியூனர் இருந்தது, கேபிளில் வந்ததும் பூட்டில்லாத அனலாக். இப்போது சேனல்கள் பூட்டி வருகின்றன, அந்தப் பூட்டைத் திறப்பது பாக்ஸ் மட்டும்தான். அதில் ஒரு டியூனர்தான் என்றால் இன்னொரு பாக்ஸ் வேண்டும்.

நெல்லித்தோப்பு வாசகி: பாரிஸிலிருந்து என் அண்ணன் ஒரு ரெக்கார்டர் கொண்டுவந்தார். பின்னால் அகலமான ஒரு ஓட்டைதான் இருக்கிறது. இங்கே பயன்படுமா?

புதுச்சேரியில் மட்டுமே வரக்கூடிய கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். அக்கா, அந்த அகல ஓட்டைக்கு ஸ்கார்ட் என்று பெயர், பிரான்சில் பெரிடெல் என்பார்கள். 21 முனை உள்ளது. படம் உள்ளே போவது, வெளியே வருவது, ஒலி எல்லாம் அந்த ஒன்றிலேயே அடங்கும். ஸ்கார்ட்டிலிருந்து மூன்று நிற ஓட்டைக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள். ஆனால் 'இன்', 'அவுட்' என்று சின்ன சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சுவிட்ச் இல்லாதவற்றில் பல ஒரு திசைக்கு மட்டும்தான்.

டிவியில் நிறத்தை அனுப்பப் பல முறைகள் உண்டு. பிரெஞ்சு டிவி பழைய காலத்தில் செகாம் (SECAM) முறை, நமது பால் (PAL) முறை. இங்கே ஓடவே ஓடாது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். டிவிடி ரெக்கார்டர் என்றால் கவலை வேண்டாம். டிஸ்க்கில் எழுதும்போது செகாம் என்று ஒன்று கிடையாது. இரண்டு ஊரிலும் 625 கோடு, நொடிக்கு 25 படம். டேப் போடும் பழைய டெக் என்றால்தான் சிக்கல், செகாம் மட்டும் தெரிந்த டெக்கில் நம் படம் கறுப்பு வெள்ளையாக விழும்.

அதன் உள்ளே இருக்கும் டியூனர் இங்கே எதற்கும் ஆகாது. அது அங்குள்ள ஆன்டெனா ஒளிபரப்புக்கானது, நம்முடையது கேபிளும் டிஷ்ஷும். மின்சாரம் அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் நம் ஓட்டையில் அமுக்கித் திணிக்காதீர்கள். அதன் முனை மெலிது, ஆடி ஆடிப் பொறி பறக்கும். நல்ல அடாப்டர் போடுங்கள்.

வில்லியனூர் வாசகர்: பாக்ஸில் பென்டிரைவ் செருகித் தேர்த் திருவிழா நேரலையைப் பதிவு செய்தேன். டிவியில் ஓடுகிறது. லேப்டாப்பில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது.

தம்பி, 'ஆம்' என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள். எல்லாம் அழிந்துவிடும்.

பல பாக்ஸ்கள் பென்டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ தனக்குப் புரியும் முறையில் மாற்றிக்கொள்ளும், பதிவைப் பூட்டியும் வைக்கும். அந்தப் பூட்டின் சாவி அந்த ஒரு பாக்ஸிடம்தான். இன்னொரு பாக்ஸில், அதே நிறுவனத்தின் பாக்ஸிலும்கூட, ஓடாது.

என் தங்கை உள்ளூர் சேனல் ஒன்றில் அரை மணி நேரம் தேவாரம் பாடினாள். பாக்ஸில் ஹார்ட் டிஸ்க் மாட்டிப் பிடித்தேன். அம்மா தினமும் போட்டுப் பார்ப்பார். அடுத்த மழைக்காலத்தில் பாக்ஸ் பழுதானது, மாற்றித் தந்தார்கள். புதிய பாக்ஸ் அந்த டிஸ்க்கைத் தொடவே இல்லை. பழைய பாக்ஸைத் திருப்பித் தரும்படி கேட்கப் போனேன், அதற்குள் எங்கோ போய்விட்டது. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும், டிஸ்க் கையில் இருந்தது, பாட்டு இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதனால் கேட்கிறேன். அந்த பாக்ஸ் ஓடும்போதே பதிவைப் போட்டுவிட்டு, ஏவி வழியாக ரெக்கார்டருக்கோ கம்ப்யூட்டருக்கோ ஒரு நகல் எடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: எச்டிஎம்ஐ கேப்சர் கருவி வாங்கினேன். மெனு தெரிகிறது, சேனல் வந்தால் கறுப்பு.

கருவியில் குறை இல்லை. எச்டிஎம்ஐ வழியில் எச்டிசிபி என்ற பூட்டு உண்டு. டிவியிடம் அதற்குச் சாவி இருக்கிறது, கேப்சர் கருவியிடம் இல்லை. ஏவி வழியாக வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பிடிக்கும் யுஎஸ்பி கருவி வாங்குங்கள், அதற்கு விலையும் குறைவு.

கடலூர் முதுநகர் ஸ்டுடியோக்காரர்: மன்னிக்கவும், இதை ஏற்க முடியாது. எச்டி பாக்ஸ் வாங்கிவிட்டு மஞ்சள் கம்பியில் பதிவு செய்யச் சொல்வது, பட்டுப்புடவையை வாளியில் போட்டு அலசுவது போல.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் கம்பியில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகின்றன. பிரிக்கும்போது முழுசாகப் பிரியாது. அதனால்தான் பட்டுச் சரிகையில், நெருக்கமான கோட்டுச் சட்டையில் வானவில் ஓடும். 1080 கோட்டுப் படம் 576 கோடாகச் சுருங்கும். இதெல்லாம் சரி.

ஆனால் இங்கே பெரும்பாலோர் பிடிக்க நினைப்பது உள்ளூர் கேபிள் சேனலின் தேரும் ஆட்டமும். பல இடங்களில் அந்த சேனல் வருவதே 576 கோட்டில்தான். மஞ்சள் கம்பி அங்கே எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான்.

முதுநகர்: கொஞ்சமா? வானவில் ஓடும் கல்யாண வீடியோவை என் வாடிக்கையாளர் வாங்கவே மாட்டார். எச்டிஎம்ஐயைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று நடுவில் போட்டால் கறுப்பு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அது எச்டிசிபி பூட்டை உடைக்கும் வழி, அதை நான் சொல்லித் தர மாட்டேன். பூட்டை உடைப்பது 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவில் வருகிறது. வீட்டில் நமக்காகப் பதிவு செய்து பார்ப்பது வேறு, பூட்டை உடைப்பது வேறு, அதை விற்பது இன்னும் வேறு. உங்கள் தொழிலுக்கு நல்ல வழி உண்டு: விழா நடத்துபவரிடமோ சேனல்காரரிடமோ அனுமதி பெற்று, அவர்களிடமிருந்தே மூலக் கோப்பை வாங்குங்கள். எந்தக் கம்பியும் அதற்கு ஈடாகாது.

சிதம்பரம் வாசகி: நீங்கள் இருவரும் சொல்லும் வானவில் என் பதிவிலும் ஓடுகிறது. குறைக்க வழியே இல்லையா?

அம்மா, உங்கள் பாக்ஸில் எஸ்-வீடியோ என்ற வட்ட ஓட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் போகும், வானவில் நின்றுவிடும். பழைய பாக்ஸ் சிலவற்றில்தான் இருக்கும். இல்லாவிட்டால் நல்ல கனமான மஞ்சள் கம்பி, அதுவும் குட்டையாக. நீளக் கம்பியைச் சுருட்டி பவர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

முதுநகர்: எஸ்-வீடியோ பற்றி முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வாதத்தால்தான் அது வந்தது, நன்றி. இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. வானவில் ஓடும் கோப்பைப் பத்து வருடம் கழித்தும் திறக்கலாம். பூட்டிய பாக்ஸில் பளிச்சென்று இருப்பதை, அந்த பாக்ஸ் போனால் திறக்கவே முடியாது.

பாகூர் வாசகர்: பென்டிரைவில் பதிந்தது கம்ப்யூட்டரில் ஓடவில்லை.

மேலே வில்லியனூர் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நெய்வேலி வாசகர்: யுஎஸ்பி கருவியில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது.

மென்பொருளில் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று இருக்கும். பால் என்று மாற்றி, 720 பெருக்கல் 576, நொடிக்கு 25 படம் என்று வையுங்கள்.

பண்ருட்டி வாசகர்: படத்தில் மேலும் கீழுமாகப் பட்டை நகர்கிறது, ஒலியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பட்டை போய்விட்டால், கேபிள் வயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். போகாவிட்டால் கேபிள் வயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதைப் பச்சை பிடிக்க வைக்கும். பண்ருட்டி வரை அது வராது என்று நினைக்க வேண்டாம், மொட்டை மாடியில் மழை நனைத்தாலே போதும். கறுத்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பாக்ஸ், லேப்டாப் எல்லாவற்றையும் அணைத்த பிறகு கழற்றுங்கள்.

உழவர்கரை வாசகர்: கேபிள்காரர் மாதக் கட்டணத்தை ஏற்றிவிட்டார், என்ன செய்வது?

அவரிடம் ரசீது கேளுங்கள். எனக்குத் தெரிந்தது கம்பி மட்டும்.

காலாப்பட்டு வாசகர்: பாக்ஸில் பதிந்த நிகழ்ச்சியை நண்பர் வீட்டு பாக்ஸில் போட்டால் ஓடுமா?

ஓடாது. பூட்டு. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், பாக்ஸ் நல்லபடி ஓடும்போதே நகல் எடுங்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: ஹார்ட் டிஸ்க் மாட்டினால் 'டிக் டிக்' என்கிறது, பாக்ஸுக்குத் தெரியவில்லை.

பாக்ஸின் யுஎஸ்பி தரும் கரண்ட் போதவில்லை. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் நடுவில் போடுங்கள்.

தேவனாம்பட்டினம் வாசகி: நாளை மாசி மகம். கடற்கரையில் தீர்த்தவாரி, உள்ளூர் சேனலில் நேரலை. மாமியாரால் கூட்டத்தில் நடக்க முடியாது, அவருக்காகப் பிடிக்க வேண்டும். லேப்டாப், யுஎஸ்பி கருவி இரண்டும் இருக்கின்றன. எதையும் தவறவிடாமல் எப்படி?

இன்று இரவே இணைத்துவிடுங்கள். காலையில் கைகால் பதறும். ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில், நெய்வேலிக்காரருக்குச் சொன்ன அளவுகளை வையுங்கள். பதிவு வேகம் நொடிக்கு 3 மெகாபிட் போதும், மணிக்கு 1.35 ஜிபி ஆகும். 4 மணி நேரத்துக்கு 6 ஜிபி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவில் நேரே பதிய வேண்டாம். பல பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 முறையில் இருக்கும், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும். கோப்பு வகை எம்கேவி ஆக இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பிடித்தது மிஞ்சும்.

லேப்டாப் தூங்காதபடி வையுங்கள். பாக்ஸுக்கு இன்வெர்ட்டர் உள்ள பிளக். பிறகு, இப்போதே பத்து நிமிடம் எதையாவது பதிந்து, நிறுத்தி, திரும்பப் போட்டு, படமும் ஒலியும் வருகிறதா என்று பாருங்கள். ஒலி வராமல் போவதுதான் அதிகம். வெள்ளைக் கம்பியை அமுக்கிச் செருகுங்கள். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.