அடுத்தவருக்குக் கைதட்டும்போது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பெருமை. அதுவும் ஊழியம் செய்கிறவர்களுக்குள் வருகிற பெருமை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

அம்மா, பல வருடங்களாக எங்கள் சபையில் ஆராதனைப் பாடல்களை நான்தான் நடத்தி வந்தேன். போன வருடம் ஒரு தம்பி வந்து சேர்ந்தான். என்னைவிட நன்றாகப் பாடுகிறான். இப்போது பாதி ஞாயிறுகளைப் போதகர் அவனுக்குக் கொடுத்துவிட்டார். வெளியே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவன் எங்காவது சுருதி விட்டால் உள்ளே ஒரு திருப்தி வருகிறது. இப்படிப்பட்ட மனதோடு கர்த்தரைப் பாடலாமா? ஊழியத்தை விட்டு ஒதுங்கிவிடட்டுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரர்

வேண்டாம் தம்பி, ஒதுங்க வேண்டாம். ஒதுங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணன் ஏன் இப்போது பாடுவதில்லை?" என்று யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பீர்கள். ஒருவரும் கேட்காவிட்டால் அந்தக் காயம் இதைவிடப் பெரிதாக இருக்கும். மேடையை விட்டு நீங்கள் இறங்கிவிடலாம். பெருமையும் கூடவே இறங்கி வந்து பக்கத்தில் உட்காரும்.

அவன் சுருதி விட்டபோது உங்களுக்கு ஒரு திருப்தி வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. பாராட்டு கிடைக்கும்போது மனது குளிர்வது யாருக்கும் உள்ளதுதான். அதை வைத்து ஒருவருக்குள் பெருமை இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். பாராட்டு அடுத்தவருக்குப் போகும்போதுதான் நம் இருதயம் எப்படி இருக்கிறது என்று தெரியவரும்.

சவுல் ராஜாவைப் பாருங்கள். தாவீது பெலிஸ்தனான கோலியாத்தைக் கொன்றபின் எல்லாரும் திரும்பி வரும்போது ஸ்திரீகள் ஆடிப்பாடி எதிர்கொண்டு வருகிறார்கள். "சவுல் கொன்றது ஆயிரம்" என்று பாடுகிறார்கள். அந்த வரி மட்டும் இருந்திருந்தால் அன்று ராஜாவுக்குச் சந்தோஷம்தான். "தாவீது கொன்றது பதினாயிரம்" என்ற அடுத்த வரிதான் அவரைக் கெடுத்தது. அவருக்குச் சேர வேண்டியதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அடுத்தவனுக்கு அதிகமாகப் போனது, அவ்வளவுதான். "அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்" என்று 1 சாமுவேல் 18:9 சொல்கிறது. மறுநாளே ஈட்டியை எறிகிறார். யார்மேல் என்று கவனித்தீர்களா? தனக்காகத் தினமும் சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருந்தவன்மேல். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வந்தது.

இதே மாதிரி ஒரு செய்தி யோவான்ஸ்நானனுக்கும் வந்தது. அவருடைய சீஷர்கள் ஓடி வந்து, எல்லாரும் இயேசுவிடத்தில் போகிறார்கள் என்று சொன்னார்கள். வந்தவர்கள் அவருக்குப் பரிந்துதான் பேசினார்கள். நம்மைச் சுற்றியும் அப்படிப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. யோவான் அந்தப் பரிவை வாங்கிக்கொள்ளவில்லை. "பரலோகத்திலிருந்து ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டாலொழிய, அவன் ஒன்றையும் பெற்றுக்கொள்ளமாட்டான்" என்று ஆரம்பித்து, தன் சந்தோஷம் சம்பூர்ணமாயிற்று என்றும் சொல்லிவிட்டு, அதற்கு அப்புறம்தான் "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்றார். கடைசி வரியை மட்டும் நாம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். கொடுக்கிறவர் தேவன் என்ற முதல் வரி மனதில் பதியாமல் இந்தக் கடைசி வரி ஒருவருக்கும் வராது.

சரி, அங்கே பெருகினவர் மேசியா, என் இடத்துக்கு வந்திருப்பது ஒரு சாதாரணத் தம்பிதானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படியானால் பர்னபாவைப் பாருங்கள். பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்ட வேறொரு சவுலைத் தர்சுவுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரம் ஆரம்பிக்கும்போது "பர்னபாவும் சவுலும்" என்றிருக்கிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று ஆகிவிடுகிறது. தான் தேடிக்கொண்டுவந்த ஆளின் பெயருக்குப் பின்னால் இவர் பெயர் போய்விட்டது. பிற்பாடு இருவருக்கும் கடுமையான மனஸ்தாபம் வந்தது உண்மை. ஆனால் அது மாற்கைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதைப் பற்றியது. யார் பெயர் முதலில் வருவது என்பதற்காகப் பர்னபா சண்டை போட்டதாக ஒரு வரிகூட இல்லை.

நான் பாடகர் குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் ஆர்கன் வாசித்தார். அப்புறம் முறையாகக் கற்றுக்கொண்டு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்த இடம் போயிற்று. முதல் ஞாயிறு அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. பெரியவர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவளுக்காகப் பக்கம் திருப்பிக் கொடுத்தார். எந்தக் கட்டை அமுங்கினால் எழும்பாது என்று முன்கூட்டியே விரலால் தொட்டுக் காட்டினார். அவர் மனதுக்குள் என்ன போராட்டம் இருந்ததோ, அது அவருக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். கை செய்ததை நாங்கள் பார்த்தோம்.

நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அவன் பாடுகிற ஞாயிறுக்கு முந்தின இரவு, அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். உங்கள் ஞாயிறைவிட அவன் ஞாயிறு ஆசீர்வாதமாக அமைய வேண்டும் என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் வாய் மட்டும்தான் சொல்லும், பரவாயில்லை. அப்புறம், இத்தனை வருடங்களில் நீங்கள் கற்றதை அவனுக்குக் கொடுங்கள். எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுத்தால் சபை கூடப் பாட முடியும், எந்த வரியில் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும் என்பதெல்லாம் குரல் வளத்தால் வருவதில்லை. உங்களிடம்தான் இருக்கிறது. "அண்ணன் பாடினால் அந்த அபிஷேகமே தனி" என்று யாராவது வந்து சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

இந்தப் பொறாமையை நம்பிக்கையான ஒரு மூத்தவரிடம் அறிக்கையிடுங்கள். அந்தத் தம்பியிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவன் இனிமேல் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்து பாடுவான். அந்தப் பாரம் அவன் சுமக்க வேண்டியது அல்ல.

யாராவது பாராட்டினால் உடனே "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே இனிக்கிறது. இது மாய்மாலமா?
– வேதபாட வகுப்பு நடத்தும் ஒரு சகோதரி

இனிப்பது மாய்மாலம் இல்லை. "எவ்வளவு தாழ்மையாகப் பதில் சொன்னார்கள் பார்" என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னால்தான் சிக்கல். 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் காசியன் என்ற துறவி, எகிப்தின் பாலைவனத்து மூப்பர்களிடம் கற்றதை எழுதிவைத்தார். வீண்பெருமை வெங்காயம் மாதிரி, ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று இருக்கும் என்று மூப்பர்கள் சொல்வார்களாம். மற்றப் பாவங்கள் ஜெயிக்க ஜெயிக்கத் தளரும், இது மட்டும் ஜெயித்ததையே தின்று வளரும் என்பது அவர் கருத்து. உபவாசத்தையும் அது விடாது, தாழ்மையையும் விடாது.

அதனால் உள்ளே தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள். "நன்றி, பிரயோஜனமாக இருந்ததில் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பேச்சு உங்களை விட்டு அவர்கள் பக்கம் போகட்டும். வீட்டுக்குப் போனபின், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற 1 கொரிந்தியர் 4:7-ஐ வாசித்து, அந்தப் பாராட்டைக் கர்த்தரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

தேவனுக்காகப் பெரிய காரியங்கள் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இது சுயநலமான ஆசை என்று நண்பன் சொல்கிறான். ஆசைப்படுவதே தப்பா?
– ஊழியத்துக்கு ஆயத்தமாகும் ஒரு மாணவர்

ஆசை தப்பு இல்லை, மகனே. கண்காணிப்பை, அதாவது சபையை மேற்பார்க்கும் பொறுப்பை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று பவுலே எழுதியிருக்கிறார். சீஷர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் மகிமையில் அவருக்கு வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டபோது, இனிமேல் ஒன்றும் விரும்பக்கூடாது என்று இயேசு சொல்லவில்லை. பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன் என்று விருப்பத்துக்கு வேறு திசை காட்டினார். அவர்கள் கேட்ட நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். தம்மைப் பரியாசம் பண்ணி, வாரினால் அடித்து, கொலைசெய்வார்கள் என்று அவர் சொல்லி முடித்த கையோடு வந்து கேட்டார்கள். சுயநலமான ஆசையின் அடையாளம் எனக்கு அங்கேதான் தெரிகிறது: பக்கத்தில் இருப்பவரின் பாடு காதில் விழாது. அதே யாக்கோபு பிற்பாடு ஏரோதின் பட்டயத்துக்கு இரையானார். நான் குடிக்கும் பாடுகளின் பாத்திரத்தில் உங்களால் குடிக்கக் கூடுமா என்று இயேசு கேட்டபோது, கூடும் என்று சொன்னது வீண்பேச்சாகப் போகவில்லை.

எரேமியாவின் எழுத்தன் பாருக்கையும் வாசியுங்கள். அவனுடைய சகோதரன் செராயா அரசாங்கத்தில் பதவியில் இருந்தவன். இவனோ ராஜா வெறுத்த தீர்க்கதரிசியின் வார்த்தைகளை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று கர்த்தர் அவனிடம் சொன்னார். இதில் "உனக்கு" என்பதைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்புகிறேன். நீங்கள் கனவு காணும் அந்த வேலையை, உங்கள் பெயர் எங்கும் வராமல், வேறொருவர் மூலமாகத் தேவன் செய்து முடித்தால் உங்களுக்குச் சந்தோஷம் வருமா? கொஞ்சமாவது வந்தால், ஆசையை விடாதீர்கள். துளிகூட வராவிட்டால், கொஞ்ச காலம் யாரும் பார்க்காத ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். நோயாளியோடு இரவு தங்குவது, கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குவது, எதுவானாலும் சரி. அதைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் சபையில் ஒரு மூத்தவர் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறார். அவருடைய பெருமையை யாரும் தட்டிக் கேட்பதில்லை. என்ன செய்வது?
– சபைக் கமிட்டியில் உள்ள ஒருவர்

முதலில், உங்கள் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். யாக்கோபு, யோவான் மேல் மற்றப் பத்துப்பேரும் எரிச்சலானார்கள். அவர்கள் கேட்டது தப்பு என்பதாலா, நமக்கு முந்திக்கொண்டார்களே என்பதாலா? கடைசி இராப்போஜனத்தில்கூடப் பன்னிரண்டு பேருக்குள்ளும் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் வந்ததை லூக்கா எழுதியிருக்கிறார்.

அப்படிப் பார்த்தும் சபைக்குக் கேடு வருகிறது என்று தெரிந்தால், பேசித்தான் ஆக வேண்டும். சபையில் முதன்மையாயிருக்க விரும்பின தியோத்திரேப்பு என்பவன் சகோதரரை ஏற்றுக்கொள்ளாமலும், ஏற்றுக்கொள்ள மனதுள்ளவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளியும் வந்தபோது, தான் வந்தால் அதைத் தட்டிக் கேட்பேன் என்று மூப்பரான யோவான் எழுதினார்.

எப்படிப் பேசுவது என்பதற்கு 2 நாளாகமம் 26 நல்ல பாடம். உசியா 16 வயதில் ராஜாவாகி 52 வருடம் ஆண்டவன். கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான், வெள்ளாண்மையை நேசித்தான். பலப்பட்டபோதுதான் மனம் மேட்டிமையாகி, தூபம் காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தான். ஆசாரியனான அசரியாவும் பராக்கிரமசாலிகளான 80 ஆசாரியரும் பின்னாலேயே போனார்கள். வெளியே நின்று முணுமுணுக்கவில்லை. "நீர் பெருமைக்காரர்" என்றும் சொல்லவில்லை. தூபம் காட்டுவது ஆரோனின் குமாரருடைய வேலை, உமக்கு உரியது அல்ல, வெளியே போம் என்றார்கள். செய்த செயலை மட்டும் சொன்னார்கள்.

நீங்களும் அவரிடம் தனியாகப் போங்கள். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கூட்டத்தில், யார் பேசும்போது அவர் குறுக்கிட்டார், அதனால் யார் மனம் நொந்து வருவதை நிறுத்திவிட்டார் என்று நீங்கள் நேரில் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவர் இத்தனை வருடம் செய்த நல்லதையும் மனப்பூர்வமாகச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டால் அந்தப் பேச்சு உங்கள் இருவரோடு முடியட்டும். கமிட்டிக்குக்கூட வர வேண்டாம். கேட்காவிட்டால், மத்தேயு 18 சொல்கிறபடி இன்னும் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு மறுபடியும் போங்கள்.