இடுப்புப் பட்டை வாங்கும் முன் மம்பட்டிக் கணையைப் பாருங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் வீடு கட்டும் ஒப்பந்த வேலை செய்கிறேன். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் என என்னிடம் இருக்கும் பதினொரு பேரில் நான்கு பேருக்கு இடுப்பு வலி. எல்லோருக்கும் இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்தால் போதுமா, கருவிகளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பட்டைக்கென ஒதுக்கிய பணத்தைக் கருவிகளுக்குச் செலவிடுங்கள். முதுகில் காயமில்லாதவர் பட்டை அணிந்தால் காயம் வராது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1994இலேயே கூறிவிட்டது. பட்டை கட்டிய தைரியத்தில் அதிகமாகத் தூக்கிவிடுபவர்களும் உண்டு.

எவ்வளவு எடை என்பதோடு, அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகுத் தசைகள் முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் நின்று இழுப்பதால், 10 கிலோ சட்டியை 50 செ.மீ. தள்ளிப் பிடிப்பவரின் தசைகள் 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். குனிந்த உடம்பின் பாரம் அதற்கு மேல். சும்மாடு வைத்துச் சுமந்து நடக்கும்போது சித்தாளின் இடுப்புக்கு இந்தத் தொல்லை குறைவு (கழுத்தின் பாடு வேறு). தரையிலிருந்து சட்டியை எடுக்கும்போதுதான் இடுப்பு அடிவாங்குகிறது. ஆகவே கலவைச் சட்டியைத் தரையில் வைத்து நிரப்பாமல், கற்களை அடுக்கி மேலே பலகை போட்டு, இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது மம்பட்டி. குட்டைக் கணை (மரப்பிடி) வரப்பு வெட்டத் தோதானது. நாள் முழுவதும் கலவை புரட்டுபவரை அது இரண்டாக மடித்துவிடும். கணையை நீட்டினால் மட்டும் போதாது. இலைக்கும் (இரும்புத் தகடு) கணைக்கும் இடையிலான கோணம் பழையபடியே இருந்தால், நிமிர்ந்து நிற்பவரின் மம்பட்டி தரையில் சரியாகப் படியாது. அதனால் கொல்லர் பட்டறையில் கோணத்தையும் சற்று விரித்து வாங்குங்கள். முதலில் ஒன்றை மட்டும் செய்து, அதைப் பிடிக்கப் போகிறவரிடமே கொடுத்துப் பாருங்கள். அவருக்குப் பிடிக்காத கருவி மூலையில்தான் கிடக்கும்.

தளத்தில் கம்பி கட்டுபவருக்கு நின்றபடியே முடுக்கக்கூடிய நீண்ட பிடியுள்ள கருவி கிடைத்தால் வாங்குங்கள். கம்பி வளைக்கும் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். கொத்தனாருக்குச் சாரத்தில் செங்கலும் கலவையும் கால்மட்டத்தில் இல்லாமல் இரண்டடி உயரத்தில் இருக்கட்டும்.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஆணுக்கு 55 கிலோவும் பெண்ணுக்கு 30 கிலோவும் உச்ச வரம்பாக வைத்தன. ஆனால் எல்லா நிலைமையும் சாதகமாக இருக்கும்போதே 23 கிலோ வரைதான் தூக்கலாம் என்பது நியாஷின் கணக்கு. எனவே மூட்டையை லாரியிலிருந்து நேராகத் தள்ளுவண்டியில் இறக்குவதே முறை.

நான்கு பேரில் யாருக்காவது கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தாலோ, கருவி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.