ஆச்சிக்காக ஜெபித்தானே, அப்புறம் ஏன்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் முழங்காலில் நின்று ஜெபித்தான். ஆச்சி இறந்துவிட்டார்கள். துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர், “விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா பிழைச்சிருப்பாங்க” என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டார். விசுவாசம் என்றால் என்ன என்று சொல்லும் வேத வசனத்தை, எபிரெயர் 11:1-ஐ, ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, “விசுவாசம்னா என்னம்மா?” என்கிறான். குடும்ப ஜெபத்தில் வாயே திறப்பதில்லை. என்ன சொல்வது?
- ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: முதலில் அந்த உறவினர் சொன்னதை அவன் மனதிலிருந்து எடுங்கள். ஆச்சி நோய் முற்றித்தான் போனார்கள், அவன் ஜெபம் குறைந்துபோய் அல்ல. இதை அவன் அப்பாவும் சொல்ல வேண்டும், பல தடவை சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பழியை எட்டு வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் சுமந்துகொண்டு திரியும்.

‘விசுவாசம்’ வேதாகமத் தமிழ். விளக்க உட்கார்ந்தால் நமக்கே நாக்கு குழறும். “அவரை நம்பிச் சாவியைக் கொடுக்கலாம்” என்கிறோமே, அங்கிருந்து தொடங்குங்கள்.

நான் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். அப்பா என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டு “குதி” என்பார். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன், மூக்கிலும் ஏறியது. அப்பா மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் மறுநாள் குதித்தேன். கயிறு யார் கையில் இருக்கிறது என்று தெரியுமே! உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், அதையே அவனுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் வேதாகமத்தில் யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து அவனோடு மெதுவாக வாசியுங்கள். “இயேசு கண்ணீர் விட்டார்.” மனப்பாட வசனம் படிக்காமல் போன ஞாயிறுகளில் நாங்கள் எல்லோரும் தப்பித்தது இந்தச் சின்ன வசனத்தைச் சொல்லித்தான், உங்கள் மகனும் சொல்லியிருப்பான். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறவரே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். அதற்கு முன்பே லாசருவின் சகோதரி மார்த்தாள், “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர் அவளைத் திட்டவில்லை. உங்கள் பையனுக்கு இருப்பதும் அந்தக் கோபம்தான். அதையும் ஜெபத்தில் சொல்லலாம் என்று அவனுக்குத் தெரியட்டும்.

“லாசரு எழுந்தானே, ஆச்சி ஏன் எழும்பல?” என்று கேட்பான், நிச்சயம். “எனக்கும் தெரியலப்பா. ஆனா ஒருநாள் பார்ப்போம்னு நம்புறேன்” என்று சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியாததும் உண்டு என்று அறிந்தால் பிள்ளை கெட்டுப்போகாது.

ஒரு லீவு நாளில் இடையன்குடிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஊழியம் செய்த பிஷப் கால்டுவெல் காலத்தில், 1847-இல் அடிக்கல் நாட்டிய கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டையானது 1880-இல். 33 வருஷம்! முதலில் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் முழுக் கோயிலையும் பார்த்திருப்பார்கள் என்று அவனிடமே கேளுங்கள். ‘காணப்படாதவைகளின் நிச்சயம்’ என்று அவன் ஒப்பித்தது அங்கே நின்றால் கொஞ்சம் பிடிபடலாம்.

குடும்ப ஜெபத்தில் வற்புறுத்தாதீர்கள், பாயில் வந்து உட்கார்ந்தால் போதும். சனிக்கிழமை அல்வா வாங்கித் தருவதாகச் சொன்னால் சனிக்கிழமையே வாங்கிக் கொடுங்கள். சொன்ன சொல்லை நம்பலாம் என்று பிள்ளைகள் முதலில் பழகுவது நம்மிடம்தான். அந்த உறவினர் மறுபடி வந்தால் காபி கொடுங்கள். ஜெபத்தை மட்டும் நீங்களே செய்துவிடுங்கள்.